மூன்று பேர் வாயில் ஒரே கோடரி

மேற்பார்வையாளர் ஸ்டாட்டிடம் கோபத்தில் எகிறினான் என்று வில்ஃப் என்ட்விசிலை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் எங்கள் பிஸ்கட் ஆலையின் தொழிற்சங்கப் பிரதிநிதி நான். விசாரணைக்கு முந்தின நாள் ஹில்டா, நோரிஸ், கிளிஃப் என்ற மூன்று சாட்சிகளின் வாக்குமூலங்கள் என் கைக்கு வந்தன.

முதல் தாளில், 'பிடி கழன்ற கோடரியாய்ப் பறந்தான்' என்றிருந்தது. கோபக்காரர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் சொல்வதுதான். இரண்டாவது தாளிலும் அதே கோடரி. மூன்றாவதிலும்.

எனக்கு உறுத்தியது. பதினாறு வருடமாக இவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன். யார் கோபப்பட்டாலும் 'கந்தலைத் தொலைச்சுட்டான்' என்பாள் ஹில்டா. எலக்ட்ரீஷியன் நோரிஸுக்கு எப்போதும் 'ஃபியூஸ் போயிடுச்சு'தான். கிளிஃப், 'எகிறிப் போய்க் கூரையில முட்டிக்கிட்டான்' என்பான். கோடரி என்று அடிக்கடி சொல்பவர் ஸ்டாட் ஒருவர்தான்.

மதியம் ஹில்டாவின் எதிரே உட்கார்ந்து, வில்ஃப் அன்றைக்கு என்ன செய்தான் என்று கேட்டேன். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், கோடரி மாதிரி பறந்தான் என்று ஒப்பித்தாள்.

"நீ எப்பலேர்ந்து கோடரிக்கு மாறினே, கண்ணு?"

முள்கரண்டியால் உருளைக்கிழங்கை நசுக்கினாள். பக்கத்து மேசைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஸ்டாட்டே டைப் அடிச்சுக் கொண்டாந்து கையெழுத்து கேட்டாரு. நான் அந்தப் பக்கமே இல்ல. அடுத்த வாரம் என் பொண்ணை இங்க வேலைக்கு எடுக்கறாங்க, நான் என்ன பண்ணட்டும்?"

அவளை நான் வற்புறுத்தவில்லை. மறுநாள் மேலாளர் முன்னால், நடந்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லும்படி மூவரையும் கேட்டேன். நோரிஸ் திணறி, தான் எதையும் பார்க்கவில்லை என்றான். ஹில்டா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். கிளிஃப் மட்டும் கோடரியை விடவில்லை.

கடைசியில் வில்ஃப் பேசினான். பிஸ்கட்டை அடுப்புக்குள் கொண்டுபோகும் ஓடுபட்டையின் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தார்களாம். அதை மாட்டாமல் ஓட்டமாட்டேன் என்றானாம். அவ்வளவுதான். மேலாளர் ஆளனுப்பிப் பார்த்தார். கம்பி அப்போதும் சுவரோரம்தான் கிடந்தது.

திங்கட்கிழமை வில்ஃப் வேலைக்குத் திரும்பினான். ஸ்டாட்டை வேறு கிளைக்கு மாற்றினார்கள். ஹில்டாவின் மகளுக்கும் வேலை கிடைத்தது.

கிளிஃபுக்கு என்ன ஆசை காட்டினார்களோ, தெரியவில்லை. இன்றும் எங்களோடுதான் சாப்பிடுகிறான், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். அவன் வந்து உட்கார்ந்தால் நான் சங்க விஷயத்தை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறேன்.