நாற்பத்து மூன்று நாள் தண்ணீர்

அளவுகோலைத் தாண்டி வந்த தண்ணீர் ஏரிக்குப் போய்ச் சேரவில்லை என்று கணினி சொன்னது. ஒரு குடம் இரு குடம் இல்லை, முப்பத்தேழு லட்சம் கன மீட்டர். அது எங்கே போனது என்று ஆற்று நிர்வாக அலுவலகத்தில் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கல்முராத்துக்கு விடை தெரியும். அந்தத் தண்ணீர் எங்கேயும் போகவில்லை. வரவே இல்லை.

மலைமேல் ஆற்றங்கரையில் நட்டிருக்கும் அளவுகோலைக் காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் பார்த்து, நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறார். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

முன்னால் பெரிய திரையில் அலுவலகத்தின் இளம் பொறியாளர் சாய்கல், ஆற்று நீரைக் கணக்கிடும் தன் கணினி மாடலை ஓட்டிக் காட்டினாள். ஆறு ஒரு நீலக் கோடு, ஏரி ஒரு முக்கோணம், ஊர்கள் பச்சைப் புள்ளிகள். கோடைக்கு எந்த ஊருக்கு எத்தனை முறை தண்ணீர் என்று பிரிக்கும் திட்டம் அந்தப் படத்திலிருந்துதான் பிறக்கும். அளவுகோலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளிதான். தெகிர்மென்.

"தண்ணிக்கு என்ன றெக்கையா முளைச்சுது?" என்றார் அலுவலகத் தலைவர் தாஷ்பொலோத். "நடுவுல இருக்கறது ஒரே வாய்க்கால். குளிர்காலத்துல மதகைத் தெறந்து வயல்ல பாய்ச்சி ஐஸ் கட்டி வச்சிருக்கீங்க. அனார்கான் அக்கா, ஒத்துக்கிட்டா நல்லது."

அனார்கான் தெகிர்மெனின் மிராப், அதாவது ஊருக்குத் தண்ணீர் முறை பிரித்து விடுகிறவள். ஐம்பத்தைந்து வயது, வாய்க்குப் பூட்டே கிடையாது.

"தம்பி, முப்பத்தேழு லட்சத்தை எங்க ஊரு எங்க வச்சு ஒளிக்கும்? என் முந்தானையிலயா? ஜனவரில அந்த மதகு ஐஸ் பிடிச்சுக் கெடந்தது. கடப்பாரை போட்டாலும் அசையாது."

"மெஷின் பொய் சொல்லாது அக்கா."

"மெஷினுக்கு வாய் இருக்கா, பொய் சொல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் தாஷ்பொலோத் எழுதச் சொல்லிவிட்டார். தெகிர்மெனுக்கு ஜூனில் ஒரு முறைத் தண்ணீரும் ஜூலையில் ஒரு முறைத் தண்ணீரும் ரத்து. அந்த இரண்டு முறை போனால் ஆப்ரிகாட் மரங்களில் பிஞ்சு பிஞ்சாகவே சுருங்கிவிடும். தெகிர்மெனுக்கு வேறு விளைச்சல் இல்லை.

தேநீருக்கு எழுந்தார்கள். அனார்கான் துணிமுடிச்சை அவிழ்த்து ரொட்டியைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். தன்னைத் திருடி என்றவருக்கும் கொடுத்தாள். கல்முராத்திடம் வந்தபோது, "அண்ணி எப்படி இருக்காங்க? இருமல் நின்னுதா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கா" என்றார் அவர். ரொட்டியைத் தின்னாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜனவரியில் அவர் மனைவி சோனுனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. வெளியே இடுப்பளவு பனி. தொலைபேசியில் அழைத்ததும் தெகிர்மெனிலிருந்து பதினோரு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். அவர்கள் முன்னால் பனியை வெட்டிக்கொண்டே போக, பின்னால் டிராக்டரை ஓட்டியது இதே அனார்கான்தான். ஆஸ்பத்திரியில் நாற்பத்து மூன்று நாள். கல்முராத் கட்டிலை விட்டு நகரவில்லை. ஊரார் முறை வைத்து ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள். சோனுன் பிழைத்தாள்.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தால் நாற்பத்து மூன்று நாள் கட்டங்கள் காலி. ஒரு வாரம் காலியாக விட்டதற்கே முன்பிருந்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கல்முராத் தான் கடைசியாக எழுதிய எண்ணைப் பார்த்தார். அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அதையே கீழே கீழே எழுதிக்கொண்டு போனார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே! பாதியில் பேனாவைக்கூட மாற்றினார். ஒரு எண்ணால் யாருக்கு என்ன கேடு வந்துவிடும் என்று அப்போது நினைத்தார். அந்தக் குளிரில் ஆறு இளைத்து மட்டம் இறங்கிப்போனது அவருக்குத் தெரியாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் நினைக்கத்தான் செய்தார், தினமும். நினைத்துக்கொண்டே அவர்களைத் திருடர்களாக்கி உட்கார்ந்திருந்தார்.

மறுபடி கூட்டம் கூடியதும் கல்முராத் எழுந்து நின்றார்.

"ஐயா, தெகிர்மென்காரங்க ஒரு சொட்டு எடுக்கல. ஜனவரி பதினொண்ணுலேர்ந்து நாப்பத்து மூணு நாள் நான் அளவுகோல் பக்கமே போகல. ஆஸ்பத்திரில இருந்தேன். எல்லாம் கையால இட்டுக் கட்டின நம்பர்."

தாஷ்பொலோத்தின் முகம் சிவந்தது. "யோவ், என்னய்யா சொல்ற? இந்த நம்பரை நம்பித்தானேய்யா நான் ஒரு ஊரையே திருடன்னேன்!"

"ஆமாங்கய்யா. அதான் எந்திரிச்சேன்."

சாய்கல் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் கட்டங்களைத் தேடிப் பிடித்து மொத்தமாக அழித்தாள். பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆற்றின் அளவையும் அந்த நாட்களின் குளிரையும் கொடுத்து, காலி இடத்தை மென்பொருளையே கணித்து நிரப்பச் சொன்னாள். மாடல் ஓடத் தொடங்கியது. ஏரியின் நிஜ மட்டம் கறுப்புக் கோடு, மாடல் சொல்லும் மட்டம் சிவப்புக் கோடு. மூன்று வாரமாக முறைத்துக்கொண்டு விலகி நின்ற இரண்டும் இப்போது ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன.

"உக்காந்துருச்சு!" என்று சாய்கல் கத்தியே விட்டாள். "மூணு வாரமா சரியாத் தூங்கல அண்ணே. ஒரே நம்பரா இருக்கேன்னு நானும் பாத்தேன். ஐஸுக்கு அடியில ஆறு அப்படித்தான் ஓடும்போலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். தப்பு எம்மேலயும் இருக்கு. ரொம்ப நன்றி அண்ணே."

"நன்றியா?" என்று தாஷ்பொலோத் கையை விரித்தார். "இந்த ஆளுக்கு நன்றி வேறயா?"

"காலியா இருந்தா நான் கணக்குப் போட்டுக்குவேன் சார். பொய்யா இருந்தா ஊரைத்தான் குத்தம் சொல்லுவேன். இவர் சொல்லலன்னா அதைத்தானே செஞ்சிருப்போம்?"

தாஷ்பொலோத் ரத்து செய்ததை ரத்து செய்யச் சொன்னார். கல்முராத்துக்கு எழுத்தில் ஒரு கண்டனம். வேலையை விட்டு எடுப்பது பற்றி அலுவலகத்தில் ஒருவர் கேட்டதற்கு, "எடுத்துட்டு? அந்த மலைல போய் நீ உக்காருவியா?" என்று கேட்டவரையே கடித்தார். "இனிமே போகலன்னா போகலன்னு எழுதுய்யா. அவ்வளவுதான்."

வாசலில் அனார்கான் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். கல்முராத் அவள் முன்னால் போய் நின்றார்.

"என்னை மன்னிச்சிரு தங்கச்சி. உங்களப் போய் நான்…"

"எதுக்கு மன்னிப்பு? அந்த நாப்பத்து மூணு நாளும் நீங்க எங்க இருந்தீங்கன்னு எங்க ஊர்ல நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். ஜனவரி கணக்குன்னு அந்தப் பொண்ணு முந்தாநாள் ஃபோன்ல சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்த? திருடின்னு சொன்னாங்களே!"

"சொன்னா உங்க பென்ஷன் போயிருக்கும். அண்ணியக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில சேத்தது நாங்க. சேத்ததுக்காக நாங்களே உங்களை மாட்டி விடறதா?"

"மரம் காஞ்சிருக்குமே?"

"காஞ்சிருக்கும். உங்களை வண்டி வண்டியாத் திட்டியும் இருப்போம்" என்றாள் அனார்கான். "நேத்து ராத்திரி ஊரே கூடிப் பேசித்தான் வந்தேன் அண்ணே. சொல்லலாம்னு ஒருத்தர்கூடச் சொல்லல."

அவர் அழுதார். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்ததை அவர் பொருட்படுத்தவில்லை.