அலியார் கொடுத்த சம்மதம்

மாமாவின் வலது கைக் கட்டைவிரலின் நகத்தடியில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. ஸுஹைர் ஈர்க்குக் குச்சியால் மெதுவாகச் சுரண்டினான். மஹ்ரூப் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினார். எருமைக் கொம்புத் தூள். சவரக்கத்திகளுக்குக் கொம்பில் பிடி அராவியே தேய்ந்த கை அது.

"விடுங்க தம்பி," என்றார் மஹ்ரூப். அந்தத் தெருவில் யார் இறந்தாலும் மையத்துக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். "அது அழுக்கில்ல, தொழில். தண்ணிக்குப் போகாது."

ஸுஹைர் விட்டான். விட்டது சரிதானா என்று கபன் துணியைச் சுற்றும்போதும் யோசித்தான். எதையும் இரண்டு முறை யோசிக்கிறவன் அவன்.

மாமா அலியார் கொடுத்த சம்மதத்தையும் அப்படித்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தான். ஊர் வழக்கப்படி, மாமா தன் மகள் றம்ஸியாவுக்குச் சீதனமாக எழுதிய இந்த வீட்டுக்கு மருமகனாக வந்த நாள் முதல், முன்னறைப் பட்டறையில் மாமாவுக்கு எதிரே இருந்து கொம்பு அராவுகிறான். இப்போது கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். பயந்து பயந்து நேற்றுப் பின்னேரம்தான் சொன்னான். மாமா தலை நிமிரவில்லை. கையிலிருந்த கத்தியைக் காதருகே பிடித்து, அலகு பிடியில் உரசுகிறதா என்று மூடிமூடிக் கேட்டார்.

"கத்தி வாங்கின வெள்ளைக்கார நேவிக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனதோட இந்தத் தொழிலும் போச்சுதெண்டு எனக்கும் விளங்கினதுதான். போங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க. மாமிக்கு நான் இருக்கிறன்தானே. நாளையிண்டைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நானே வீட்டில கதைக்கிறன். அதுவரைக்கும் நீங்க வாய் திறக்கப்படாது."

அவன் திறக்கவில்லை. இன்று விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனபோது மாமா விறைத்துக் கிடந்தார்.

அஸர்த் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்தது. மையவாடியிலிருந்து திரும்பினால், பட்டறை வாசலில் சவரக்காரர் வீரக்குட்டி தோளில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தாடி.

"தம்பி, இண்டைக்குக் கேக்கிற கதையில்ல. வெக்கமாயும் கிடக்கு."

"சொல்லுங்க அண்ணன்."

"என்ர கத்தி உள்ளுக்குக் கிடக்கு. பிடி வெடிச்சுப்போய் அலியார் காக்காட்டக் குடுத்தனான். இருக்கிறது அந்த ஒரு கத்திதான். ஊர்ச் சனம் தேடுது, நான் என்ர முகத்தையே வழிக்க ஏலாம நிக்கிறன். மனிசி கோயில் சாமியாரைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறாள்."

ஸுஹைர் பட்டறையைத் திறந்தான். அலகு தனியே கிடந்தது. பிடியின் ஒரு தகடு மினுக்கி முடிந்திருந்தது, மற்றதை மாமா பாதியில் விட்டிருந்தார். இரண்டும் ஒரே கொம்பில் அரிந்தவை. புதிதாக வேறு கொம்பில் எடுத்தால் ஒன்று ஒரு பக்கம் வளையும், அலகு உரசும். மிச்சம் கொஞ்ச வேலைதான். இந்தக் கத்தியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தான். அராவி, எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியைத் துளையில் கோத்து, அதன் நுனியைச் சிறு சுத்தியலால் தட்டத் தொடங்கினான்.

முற்றத்துக் கதிரைகளில் இருந்தவர்களின் கதை நின்றது.

"கேட்டீங்களா? மருமகன் வேலையில இருந்திட்டார்," என்றது ஒரு குரல். "அலியார் காக்கா குடுத்து வச்ச மனிசன்."

"ஆம்பிளப் பிள்ளை இல்லாத குறையை அல்லாஹ் தீத்து வச்சிட்டான்," என்றார் மஹ்ரூப்.

ஸுஹைரின் கை நின்றது. ஆனால் பாதி தட்டிய கம்பியை அப்படியே விட முடியாது, பிடி ஆடும். மிச்சத்தையும் தட்டினான். இப்போது ஒவ்வொரு தட்டும் தெருமுனைவரை கேட்பதுபோல் இருந்தது.

வீரக்குட்டி கத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இனி எனக்குப் பயமில்ல, தம்பி."

அவர் போனதும் உள்கதவில் றம்ஸியா வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"இஞ்சாருங்க. காலையிலிருந்து உம்மா பச்சத்தண்ணி பல்லில படாம இருந்தவ. சுத்தியல் சத்தத்தைக் கேட்டிட்டு, இப்பதான் தேத்தண்ணி தா எண்டு கேட்டுக் குடிச்சா."

"றம்ஸியா, நேத்து மாமா ஒரு கதை சொன்னவர்."

"வாப்பாவா? என்ன சொன்னவர்?"

வாப்பாவின் சொல் ஒன்றாவது இன்னும் மிச்சமிருக்கிறதே என்று அவள் முகம் விரிந்தது. அந்தச் சம்மதத்தைக் கேட்டது தான் ஒருவன்தான் என்பது ஸுஹைருக்கு அப்போதுதான் உறைத்தது. யார் நம்புவார்கள்? செத்தவர் வாயில் தன் ஆசையைத் திணிப்பதாகத்தானே இருக்கும்?

"உன்னையும் மாமியையும் பாத்துக்கொள்ளச் சொன்னவர்," என்றான்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உம்மாவிடம் சொல்வது கேட்டது. பெண்களின் அழுகை ஒரு முறை உயர்ந்து தாழ்ந்தது. பிறகு திரும்பி வந்து, பட்டறைப் பலகையில் ஆணிகளையும் ஒரு வெள்ளைச் சீலையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"உம்மா இனி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருக்கிறாதானே. வெளி ஆம்பிளையள்ட கண்ணில படப்படாது. துறைமுகப் பக்க ஜன்னலுக்குச் சீலை அடிக்கோணுமாம். உள்ளுக்கு வர ஏலுமான ஆம்பிளை நீங்க ஒராள்தான்."

அவன் உள்ளே போய்க் கதிரையில் ஏறினான். வெளியே மூதூருக்குப் போகும் லாஞ்ச் படகு கரையைவிட்டு விலகிக்கொண்டிருந்தது. மேலிரண்டு மூலைகளிலும் ஆணி அடித்தான். இறங்கி, கீழிரண்டிலும் அடித்தான். அறை இருண்டது.

"வலப்பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வருது, மகன்," என்றார் மாமி நஜ்முன் நிஸா, இருட்டுக்குள்ளிருந்து.

அவன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கேயும் ஒரு ஆணி அடித்தான்.