நின்றபடி ஓடியவள்

வேலையில் கொளஞ்சியம்மாளை ஏமாற்றக்கூடியவள் வடக்கனந்தலில் இன்னும் பிறக்கவில்லை. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள் அவள். இடுப்பு வலி, தலைசுற்றல், வெற்றிலை போட ஒரு நடை என்று வரப்பேறுகிற ஒவ்வொருத்தியின் சாக்கும் அவளுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவளுக்கு வீட்டிலேயே ஒரு சாக்குக்காரி வந்து வாய்த்தால் சும்மா இருப்பாளா?

மருமகள் செந்தமிழ்ச்செல்விக்கு ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து படுத்தால் நன்றாக இருந்தாள். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது என்றாள். அடுப்படியில் நின்றவள் இரண்டு முறை அப்படியே சரிந்தாள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் இருதயத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. கொளஞ்சியம்மாளுக்கு அது போதாதா?

"படுத்தா நல்லாக்கீறா, வேலைன்னு எழுந்தா நெஞ்சு அடிச்சிக்குதாம். இன்னா வியாதிடா இது?" என்று மகன் சரத்குமாரிடம் கேட்டாள். "பெரிய டாக்டரும் ஒன்னுமில்லன்னு சொல்லட்டும். அப்படியே ரிஷிவந்தியம் பஸ் ஏறி, அவ அம்மா வூட்லயே வுட்டுட்டு வரேன்."

செல்வி அழுதுகொண்டே துணிகளைப் பையில் அடுக்கினாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் சுபலட்சுமி, கல்வராயன் மலையில் பிறந்து படித்து வந்தவர், முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். செல்வியைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்துவிட்டு, கொளஞ்சியம்மாளின் விரல்களை எடுத்து மருமகளின் மணிக்கட்டில் வைத்தார்.

"நாடி தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க. நிதானமாத்தான் போய்க்கினு இருக்குது."

"விரலை எடுக்காதீங்க. செல்வி, எழுந்து அசையாம நில்லும்மா."

செல்வி நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கொளஞ்சியம்மாளின் விரலடியில் நாடி வேகமெடுத்தது. இன்னும் எடுத்தது. துரத்திவிட்ட கன்றுக்குட்டி போல ஓட ஆரம்பித்தது. ஓடுகிறவளோ ஓர் அடிகூட எடுத்துவைக்காமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முனகலாம், கண்ணைச் செருகலாம், அதெல்லாம் அவள் பார்த்த கூத்துதான். நாடியை எவளால் நடிக்கவைக்க முடியும்?

"படுக்க வைங்க டாக்டரம்மா," என்றாள். "போதும்."

"இருதயம் நல்லாத்தாம்மா இருக்கு. கோளாறு நரம்புல. நாம எழுந்து நின்னா ரத்தம் காலுக்கு இறங்கும். உடனே நரம்பு ரத்தக்குழாயை இறுக்கி மேல ஏத்தும். காய்ச்சலுக்கப்புறம் இவங்களுக்கு அது சரியா நடக்கல. தலைக்கு ரத்தம் பத்தாம இருதயம் பதறி ஓடுது."

கோமுகி அணைத் தண்ணீரில் காலம் தள்ளியவளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பள்ளத்துக்கு ஓடுகிற தண்ணீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றுகிற பாடு அவளுக்குத் தெரியும்.

"அப்போ நாம எழுந்துக்கிற ஒவ்வொரு தபாவும் உள்ள ஒருத்தன் மடையை அடைச்சிக்கினே இருக்கானா?"

"ஆமாம்மா. நமக்குத்தான் தெரியறதில்ல."

இத்தனை வருஷ நடவில் கொளஞ்சியம்மாள் எத்தனை ஆயிரம் தடவை குனிந்து நிமிர்ந்திருப்பாள். ஒரு தடவைகூட அவனைக் கூப்பிட்டதில்லை. அவன் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. இப்படியொரு வேலைக்காரனைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டா ஊராரின் சாக்குகளைப் பொறுக்கித் திரிந்தோம் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

உப்பும் தண்ணீரும் கூடுதலாக, காலுக்கு இறுக்கமான உறை, படுத்தபடி செய்யும் பயிற்சி, மெதுவாக எழுவது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். தேற மாசக்கணக்காகும் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ரிஷிவந்தியம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. செல்வி பையைத் தூக்கிக்கொண்டு அதை நோக்கி நடந்தாள்.

"அங்க எங்க போற? நம்மூரு பஸ்ஸு இந்தாண்ட," என்று பையை வாங்கிக்கொண்டாள் மாமியார்.

ஊர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கொளஞ்சியம்மாளைப் பார்த்து ஒருவர் எழுந்து, "உக்காரு ஆயா," என்றார். அவள் மருமகளின் தோளை அழுத்தி அந்த இடத்தில் உட்காரவைத்தாள்.

"வயசுப் பொண்ணு, நல்லாத்தான இருக்குது. அது நிக்கக்கூடாதா?" என்றார் அவர்.

கொளஞ்சியம்மாள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அது நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது.

"அது காலையிலேர்ந்து ஓடிக்கினே இருக்குதுப்பா," என்றாள். "செத்த உக்காரட்டும்."