வராத சாயம்

பூகோள வாத்தியாருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் முட்டை வாத்தியார். பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியவர்களுக்குத் தயவு தாட்சண்யமே இல்லாமல் பெரிய முட்டையாகப் போட்டுவிடுவார். அந்தப் பெயரில் மனிதருக்கு உள்ளூரப் பெருமைதான்.

சுண்ணாம்புக்கல் மலையில் ஓடைத் தண்ணீர் ஒரு குழிக்குள் இறங்கிக் காணாமல் போய், வேறெங்கோ ஊற்றாக வெளியே வரும். இரண்டும் ஒரே தண்ணீர்தானா என்று பார்க்கத்தான் மாணவர்கள் கள ஆய்வு மையத்துக்கு வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மையத்தின் வழிகாட்டி பாதிப் பேருடன் மேலே போய்க் குழியில் பச்சைச் சாயம் ஊற்ற வேண்டும். கீழே ஊற்றருகே வாத்தியாரும் ஆறு மாணவர்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் நிறத்தைக் குறிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணிக்கெல்லாம் வாத்தியாரின் பற்கள் தந்தியடித்தன. கிளம்பலாம் என்றுவிட்டார்.

"இன்னும் சாயம் வரலையே சார்," என்றாள் அட்டவணை எழுதிக்கொண்டிருந்த பெண்.

"வருஷா வருஷம் ரெண்டு மணி நேரத்துல வந்துடும்மா. ஒண்ணு பத்து, லேசான பச்சை. ஒண்ணு இருபது, நல்ல பச்சை. எழுது."

அவள் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினாள்.

வழிகாட்டியின் கூட்டம் சாயங்காலம்தான் சேறும் சகதியுமாக மையத்துக்கு வந்து சேர்ந்தது. அட்டவணையை வாங்கிப் பார்த்த வழிகாட்டி நெற்றியைச் சுருக்கினார்.

"பச்சையா? பாதை முன்னாடியே சரிஞ்சு கிடந்துச்சு, சுத்தி அலைஞ்சும் நாங்க குழிப்பக்கமே போகலையே! பாட்டில் மூடியக்கூடத் திறக்கல. யாரு எழுதினது இது?"

ஊற்றருகே இருந்த மற்ற ஐந்து பேரும் வாத்தியாரைத்தான் பார்த்தார்கள். 'நான்தான் எழுதச் சொன்னேன்' என்று சொல்ல வேண்டியவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

அந்தப் பெண் எழுந்தாள். "நான்தான் சார். பச்சையா இருக்கிற மாதிரி தோணுச்சு."

வாத்தியாருக்குக் காதுமடல் கொதித்தது. இத்தனை வருடங்களில் இப்படி அவமானப்பட்டதில்லை. அதுவும் யாரும் ஒரு வார்த்தை திட்டாமலேயே. இப்போதுகூட வாயைத் திறந்திருக்கலாம்.

"கண்ணால பாக்காததை எழுதக் கூடாதும்மா," என்றார் வழிகாட்டி, கனிவாகவே. பிறகு திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார்," என்றார்.

"ஆமாம்மா," என்றார் வாத்தியார். "எழுதக் கூடாது."

"சரி சார்," என்று உட்கார்ந்தாள் அவள்.