ஒடிந்தது, ஒடித்தார்கள்

1

"கை ஒடிஞ்சுதுன்னு எழுதுங்கம்மா, போதும்..."

"ஒடிச்சாங்கன்னு எழுதுங்க! தானா ஒடியறதுக்கு அது என்ன முருங்கைக் கிளையா?"

"கம்முனு இருடி. நாளைக்கி மூணு மணிக்குள்ள நீ வாபஸ் வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சிது."

"முடிஞ்சிதா, முடிச்சாங்களா? அதயும் சேத்துச் சொல்லு."

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. சிதம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில், போலீஸுக்குப் புகார் எழுதித் தரச் சொல்லி வந்த புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை. லோகநாயகி ஊராட்சித் தலைவர் பதவிக்கு வேட்புமனு போட்டிருக்கிறாள். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவர் கோவிந்தசாமி, அவள் புருஷன். எனக்கு எழுபத்திரண்டு வயது. கதைகள் எனக்குப் பேச்சாகத்தான் வரும். கண்ணால் எதையும் பார்த்து எழுதிப் பழக்கமில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

2

முதல் வரி, ஒன்றாம் முயற்சி: முந்தாநாள் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கோவிந்தசாமியின் கை ஒடிந்தது.

என்ன சுத்தமான தமிழ்! வினை இருக்கிறது, செய்தவன் இல்லை. கை ஒடிந்தது. வைக்கோல் போர் எரிந்தது. தேர்தல் போட்டியில்லாமல் முடிந்தது. எல்லாம் தானாகவே நடக்கிற ஊர் போலிருக்கிறது! அடித்தவனுக்கு ஒளிய வேறு இடம் எதற்கு, நம் இலக்கணமே போதும்.

இரண்டாம் முயற்சி: கார்த்திகேசனின்* ஆட்கள் நாலு பேர் அவரைப் படியில் மடக்கி, கதவுக் கம்பியில் கையை வைத்து ஒடித்தார்கள். பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, மடியில் பையை இறுக்கிக்கொண்டு,

(இந்த வாக்கியம் வேண்டாம்.)

* நான் வைத்த பெயர். நிஜப் பெயரை எழுதக் கை வரவில்லை. மூன்று தேர்தலாகத் தலைவர் பதவி அவன் வீட்டில்தான். எதிர்த்து யாரும் நின்றதில்லை. [நிற்க விட்டதில்லை என்று எழுதடி, கிழவி.]

3

முடிவுகள்.

அ) வாபஸ் வாங்குகிறாள். 'போட்டியின்றித் தேர்வு' என்று பேப்பரில் சால்வையோடு அவன் படம்.

ஆ) நிற்கிறாள், ஜெயிக்கிறாள். நீங்கள் கைதட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பீர்கள். அதனாலேயே தரமாட்டேன்.

இ)

'இ'யை எழுதுமுன் சொன்னேன்: "சாட்சி இல்லாம இது நிக்காது லோகநாயகி. பஸ்ல இருந்தவங்கள்ல ஒருத்தராவது வேணும்."

"கண்டக்டரு டிக்கெட் கிழிச்சிக்கிட்டு இருந்தாராம், பாக்கலயாம்," கோவிந்தசாமி சிரித்தார். "டிரைவரு கண்ணாடி தொடைச்சாராம். மத்தவங்கல்லாம் தூங்கிட்டாங்களாம். பகல் பதினோரு மணிக்கி!"

லோகநாயகி சிரிக்கவில்லை. நான் எழுதி எழுதி ஒதுக்கிய தாள்களில் ஒன்றை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். இரண்டாம் முயற்சி. பாதியில் விரல் நின்றது.

"கதவுக் கம்பியில வச்சின்னு எழுதியிருக்கீங்க. அத நாங்க ஒங்ககிட்ட சொல்லவே இல்லியேம்மா?"