டேட்டா தீர்ந்த பிறகு

தையல்கடை அக்காவின் தலையில் எதையும் சுலபமாகக் கட்டிவிட முடியாது. நூல்கண்டு விற்க வருகிறவரையே நாலு கேள்வி கேட்டு நோகடிக்கிறவள். செல்போன் கடைக்காரர் அதிவேக இன்டர்நெட் பேக்கைப் பற்றி அளக்க ஆரம்பித்ததும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"வேகம் கூடுதுங்கறீங்க, விலையும் கூடுது. ஒரு நாளைக்குத் தர்ற டேட்டா மட்டும் ஏன் கூடல?"

"அளவு அதேதான் மேடம். ஆனா சும்மா பறக்கும்."

"பறந்தா சீக்கிரம் தீர்ந்துடாதா? தொட்டிய அப்படியே விட்டுட்டு குழாய மட்டும் பெருசாக்கினா யாருக்கு லாபம்?"

கடைக்காரர் போனால் போகிறது என்று கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டார். "வீடியோ கால்ல விரல் நகம்கூடத் தெரியும் மேடம்."

அவ்வளவுதான், அக்கா பர்ஸைத் திறந்துவிட்டாள்.

விரல் என்றதும் அவள் விழுந்ததற்குக் காரணம் அவளுடைய தம்பி. பிறவியிலேயே காது கேட்காது. வேறு ஊரில் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறான். மற்ற அக்கா தம்பிகள் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசலாம், அதற்கு டேட்டாவே வேண்டாம். இவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் கைதான். கை தெரிய வேண்டுமென்றால் வீடியோ. பழைய பேக்கில் தம்பியின் விரல்கள் பிசைந்த மாவுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் வரும். அதற்காகவே இருவரும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கை எடுப்பாகத் தெரிய முதுகுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்க வேண்டும். ஒரு சைகை செய்தால் கை அப்படியே நிற்க வேண்டும். மற்றவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த சைகை. தகவல் போய்ச் சேரும், ஆனால் ஜோக் சொன்னால் சிரிப்பு வருவதற்குள் ஜோக் ஆறிப்போய்விடும்.

புது பேக் போட்ட அன்று அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியின் மணிக்கட்டில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகூடத் தெரிந்தது.

"ரொட்டி சுடறியா, உன்னையே சுட்டுக்கறியா?" என்று கையால் கேட்டாள்.

"உன் நரைமுடிகூட நல்லாத் தெரியுது," என்றான் அவன், அதே வேகத்தில்.

கறுப்புத் துணியை மடித்துத் தையல் மிஷினுக்கு அடியில் போட்டுவிட்டாள். இனிமேல் அது எதற்கு?

அந்தக் குஷியிலேயே தம்பி விஷயத்தையும் உடைத்தான். ஒரு பெண் இருக்கிறாள். அதே பேக்கரியில் பில் போடுகிறவள். அவளுக்குக் காது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வீடியோவில் காட்டுகிறேன், நீ பேசிப் பார்த்துச் சரி என்றால்தான் மேற்கொண்டு எதுவும், என்றான்.

அக்காவுக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கவலையும் வந்தது. சொந்தக்காரர் வீடுகளில் தம்பி உட்கார்ந்திருக்கும் அழகை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். எல்லோரும் கூடிச் சிரிப்பார்கள், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்ன சொன்னார்கள் என்று யார் முழங்கையையாவது தொட்டுக் கேட்டால், "அப்புறம் சொல்றேன்" என்று ஒரு கையசைப்பு வரும். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டு தன் வீட்டிலேயும் அவன் அப்படி உட்கார வேண்டுமா? பெண் கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் அக்காவுக்குப் பொருட்டில்லை. அவளுக்குக் கையால் பேச வருமா, அது ஒன்று தெரிந்தால் போதும்.

ஞாயிறு காலை வீட்டில் சட்டம் போட்டாள். யாரும் டேட்டாவைத் தொடக் கூடாது.

"இன்னிக்கு மேட்ச் இருக்கே," என்றார் வீட்டுக்காரர்.

"ரேடியோல கேளுங்க. பந்து எங்க போச்சுன்னு அவங்களே சொல்வாங்க."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியோவைத் தேடிப் போனார்.

பிற்பகலில் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, மிஷின் மேல் போனை நிறுத்தினாள். படம் பளிச்சென்று வந்தது. தம்பி, பக்கத்தில் அந்தப் பெண். பச்சைச் சட்டை, கோணலாகத் தைத்த காலர். எவன் தைத்தானோ என்று அக்காவின் கை பரபரத்தது. பெண் கையசைத்து வணக்கம் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. அக்காவும் தம்பியும் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பேக்கரி முதலாளியின் கஞ்சத்தனம், வீட்டுக்காரரின் குறட்டை, துணி கொடுத்துவிட்டு அளவையே மாற்றிச் சொல்லும் வாடிக்கையாளர் என்று கைகள் நாலாபக்கமும் பறந்தன. இத்தனை வருடம் மெதுமெதுவாகப் பேசிப் பேசிச் சேர்த்து வைத்த வேகமெல்லாம் அன்றைக்கே வெளியே வந்தது. அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. ஒரு தடவை தூக்கினாள். அதற்குள் தம்பி அடுத்த கதைக்குப் போய்விட்டான், கைகள் மறுபடி மடிக்கு இறங்கின. அக்கா அதைப் பார்த்தாள். இவளுக்கு வராதுபோல என்று மனசு விட்டுப்போனது. வாய்ப்பு கொடுத்தோமா என்று மட்டும் தோன்றவில்லை.

திடீரென்று படம் நின்றது. இன்றைய அதிவேக டேட்டா தீர்ந்தது, இனி குறைந்த வேகம்தான், வேகம் வேண்டுமானால் டாப்-அப் போடவும் என்று போன் மரியாதையாகச் சொன்னது.

"நான் ஒரு பந்துகூடப் பாக்கல. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ," என்றார் வீட்டுக்காரர், ரேடியோவைக் குறைத்தபடி.

"மானம் போகுது. டாப்-அப் போடுங்க."

அவர் கார்டைத் தேட எழுந்து போனார். திரையில் படம் ஒவ்வொன்றாக, போட்டோ ஆல்பத்தைப் புரட்டுவதுபோல வந்தது. தம்பி படபடவென்று ஏதோ சொன்னான். பழைய முறை அவனுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது, விரல்கள் மறுபடியும் பிசைந்த மாவு. பக்கத்து அறைக்காரரின் போனை வாங்கி வருவதாகத் தலையாலும் தோளாலும் காட்டிவிட்டு எழுந்து ஓடினான்.

இப்போது பெண் நடுவில் நகர்ந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கினாள். ஒரு சைகை. அடுத்தது என்ன என்று மேலே பார்த்து யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் அந்தப் படம் வந்து சேர்ந்தது. துல்லியமாக. பிறகு அடுத்தது. நடுவில் ஒன்று தப்பு, கரும்பலகையைத் துடைப்பதுபோல் கையால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்தாள். அதுவும் வந்தது.

"அக்கா. நான் புதுசு. மெதுவாதான் வரும். நீங்க ரெண்டு பேரும் பேசினது எனக்குப் புரியல." கை சற்று நின்றது. "ஆனா நாங்க வாழப்போற வீட்டுல, 'அப்புறம் சொல்றேன்'னு நான் சொல்ல மாட்டேன்."

அக்காவுக்கு முகம் சுட்டது. இவ்வளவு நேரமும், சொந்தக்காரர் வீடுகளில் தம்பி உட்காரும் இடத்தில் அந்தப் பெண்ணை உட்கார வைத்திருந்தது அவளேதான்.

"கார்டு கிடைச்சிடுச்சு. போடட்டுமா?" என்று வந்தார் வீட்டுக்காரர்.

"வேண்டாங்க. இந்த வேகமே இருக்கட்டும்."

குனிந்து கறுப்புத் துணியை எடுத்து உதறிப் பின்னால் தொங்கவிட்டாள். கையைத் தூக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மன்னிச்சுக்கோ. கல்யாணத் துணி நான்தான் தைப்பேன். அந்தக் காலரத் தச்சவன்கிட்ட மட்டும் கொடுத்துடாத."

பெண் காலரைத் தொட்டுப் பார்த்தாள். புரிய நேரமாயிற்று, சிரிப்பு அதற்கும் பிறகு வந்தது.

தம்பி மூச்சிரைக்க வந்து நின்றான், கையில் இரவல் போன். என்ன பேசினீர்கள் என்று பெண்ணின் தோளைத் தொட்டுக் கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். எதையும் விடவில்லை. கல்யாணத் துணியைச் சொன்னாள், தப்பாகச் செய்து அழித்ததைக்கூடச் சொன்னாள். அக்கா மிஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு படமாக வரட்டும் என்று காத்திருந்தாள். பெண் காலரைத் தொட்டுக் காட்டிய படம் வந்து சேர்வதற்குள் அங்கே தம்பி சிரித்து முடித்திருப்பான்.