மை படாத பேனா

பகலவனுக்குக் கடை கிடையாது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் ஒண்டுக் குடித்தனம். பீரோவின் மேல்தட்டுதான் அவன் கடை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், மூடிப்போன ஆபீஸ்களின் மேசைகளை ஏலம் எடுத்தவர்கள் இழுப்பறையில் கிடந்த பழைய மைப்பேனாக்களை அவனிடம் சும்மா தள்ளிவிட்டார்கள். அதில் ஆரம்பித்த தொழில். இன்று அண்ணா நகர், பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கிற பேனாப் பைத்தியங்கள் அவனைத் தேடி வருகிறார்கள்.

அந்தப் பைத்தியத்துக்கும் ஓர் உச்சம் உண்டு. எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் செய்து, ஒரு சொட்டு மைகூடப் படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்த பேனா. அதற்கு என்ன விலை சொன்னாலும் கொடுப்பார்கள். மை பட்டுவிட்டதென்றால் பாதிதான். வேடிக்கை என்னவென்றால், பக்குவமாகக் கழுவித் துடைத்துவிட்டால் பட்டதா படாததா என்று எந்த மேதாவிக்கும் தெரியாது. விற்கிறவன் வாய்ச்சொல்தான் சாட்சி. பகலவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர் போனால் தொழிலும் போச்சு.

அன்று காலை பத்து மணிக்குப் பக்தவச்சலம் வருவதாக இருந்தது. ஓய்வுபெற்ற இன்ஜினியர், ஏற்கெனவே இரண்டு பேனா வாங்கியவர். இப்போது பச்சைக் கோடு போட்ட ஒரு ஜெர்மன் பேனாவுக்கு அறுபதாயிரம் பேசியிருந்தார். ஏழு மணிக்கு அதைத் துடைக்க எடுத்த பகலவன் மூடியைக் கழற்றினான். உள்விளிம்பில் நீலம்.

"மங்கை! இதுல யாரு எழுதுனது?"

அடுப்படியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். "நான்தான். இன்னா இப்ப? ஒரே ஒரு புள்ளையார் சுழி போட்டேன். நல்லா வித்துப் போவணும்னுதான்யா. தண்ணி லாரி வந்துச்சா, சரியா அலசாம வெச்சிட்டு ஓடிட்டேன்."

பகலவனின் அப்பா சாமி பூதம் எதுவும் இல்லை என்று மேடை போட்டுப் பேசியவர். மகனுக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. மங்கையிடம் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்பதரைக்கெல்லாம் பேனா நேற்றுச் செய்தது போல ஆகிவிட்டது. இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பக்தவச்சலம் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார், முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பணம் அனுப்பப் போனை எடுத்தவர் பேச்சுக்குக் கேட்டார்: "மை படாததுதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான் பகலவன். அவரோ பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. விரல் தன்பாட்டுக்குத் தொகையை அமுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நம்பிக்கை. அதுதான் அவனைக் குத்தியது.

"பட்டிருக்கு சார். நேத்து வீட்டுல தெரியாம ஒரு சுழி போட்டுட்டாங்க."

பக்தவச்சலம் போனைக் கீழே வைத்தார். லென்ஸை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, "முப்பதுதான் தருவேன். ஆனா மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதுக்காகத்தான் இந்த முட்டிவலியோட மாடி ஏறி வர்றேன்" என்றார். பகலவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போன பணம் பெரிதாகவே தெரியவில்லை.

காபி கொண்டுவந்த மங்கையிடம் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, சுழி போட இந்தப் பேனாதான் கெடச்சுதா?"

"இது மட்டும் இன்னா நைனா? வூட்டுக்கு வர்ற எல்லாப் புதுப் பேனாக்கும் போடுவேனே. போடாம வெச்சா வெளங்குமா?"

சொன்னதோடு நிற்காமல் சாமி அலமாரியிலிருந்து ஒரு நோட்டையும் எடுத்து வந்து பிரித்தாள். பதினோரு சுழி, வரிசையாக.

பகலவன் சுழிகளை ஒவ்வொன்றாக எண்ணினான். ஆறு வருஷமாக ஒவ்வொருவரிடமும் அவன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதெல்லாம் பொய். வெட்கத்தில் அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பக்தவச்சலம் நோட்டை வாங்கி முகத்தருகே பிடித்தார். "என்னோடது ரெண்டும் எதும்மா?"

மங்கை தயங்காமல் விரலை வைத்தாள். "இதுவும், தோ இதுவும். இந்த முனை வழுக்கிகினு போச்சு நைனா, அவ்ளோ சோக்கா எழுதுச்சு."

அவருக்கு அது தெரியாது. இரண்டையும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியவர், ஒருநாளும் எழுதிப் பார்த்ததில்லை. நோட்டை மூடினார். "மீதி எட்டு பேருக்கு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன் சார்."

முதல் நம்பர் பெங்களூர்க்காரருடையது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க பகலவன்," என்றார் ஆசையாக, "மை படாதது ஏதாவது வந்திருக்கா?"